எல் போர்டு காரும் கோட்டூர்புரத்துக் குரங்குகளும்

அடையாறில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களிடம் ஜொவிட்டாவைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய குரலைத்தான். கத்தவே மாட்டார். பஸ் ஒன்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற நேரத்தில்கூட, காபி ஆறிவிட்டது என்று சொல்கிற தொனியில், "லெஃப்ட்ல வாங்க, இன்னும் கொஞ்சம் லெஃப்ட்" என்பார். நானும் அவரிடம் கற்றுக்கொண்டவன்தான். அதனால், அதே ஜொவிட்டா நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. பிறகு அவரிடமும், அன்று அவரிடம் கற்றுக்கொண்டிருந்த சரோஜாதேவியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜொவிட்டா சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். அப்பா கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ், அக்கா ஐரின் இங்கிலீஷ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தவர்கள், "நீ எந்த ஸ்கூல்லம்மா இருக்கே?" என்று கேட்பார்கள். "டிரைவிங் ஸ்கூல்ல" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு ஐரின் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதில் இவருக்கு வருத்தம் கிடையாது. பதினெட்டு வயதில் அப்பாவின் பழைய காரைக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து வேறு எந்த வேலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. கணவர் காஸ்பருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வீடு மந்தைவெளியில். அடையாறில் சர்தார் பாய் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது சேர்ந்தவர், நாளடைவில் ஆண்களுக்கும் அவரேதான் வேண்டும் என்றாகிவிட்டது.

ஆகஸ்ட் மாதத்தில் வந்து சேர்ந்தார் சரோஜாதேவி. ஐம்பதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் அவர்களுக்குச் சேலைக்கடை. வீட்டில் காரும் உண்டு, டிரைவரும் உண்டு. ஒருநாள், "நானும் வண்டி ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். மகன் பாலகணேஷ், "ஒனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டான். மறுநாளே வந்து பெயர் கொடுத்துவிட்டார்.

கற்றுக்கொடுக்கக் கோட்டூர்புரத்துத் தெருக்கள்தான் தோது. ஒரு பக்கம் அடையாறு ஆறு. இன்னொரு பக்கம், சாலையைத் தாண்டினால் நீளமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கிண்டிக் காடு. அந்தச் சாலையில் ஓர் இடத்தில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் எதிரெதிராக நின்று, மேலே கிளைகளைக் கோத்துக்கொண்டிருந்தன. சரோஜாதேவி முதல் வாரத்திலேயே சரியாக அந்த நிழலில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துகிறார்.

"பதறாதீங்கக்கா. கிளட்சை முழுசா மிதிங்க. சாவியைத் திருப்புங்க."

"கிளட்சு எது டீச்சர்? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு!"

அப்போது கார்க் கூரையில் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஜொவிட்டா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார். பார்த்தபடியே இருந்துவிட்டார்.

தலைக்கு மேலே ஒரு குரங்குக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. உச்சியில் வகிடெடுத்துத் தொப்பி வைத்தாற்போல் முடி உள்ள, நீள வாலுள்ள சின்ன நாட்டுக்குரங்குகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கிளை வழியாக, ஒரே இடத்தில் கால் வைத்து, ஒரே இடத்திலிருந்து தாவின. கீழே பஸ்ஸும் பைக்கும் போய்க்கொண்டிருக்க, மேலே அவற்றுக்கு ஒரு சாலை இருந்தது. கடைசியாக வந்த தாய்க்குரங்கின் வயிற்றில் ஒரு குட்டி நான்கு கையாலும் கவ்விக்கொண்டு தொங்கியது. தாய் தாவியபோது அதன் தலை மட்டும் பின்னால் போய் வந்தது. பிடி விடவில்லை.

"அக்கா," என்றார் ஜொவிட்டா, "கிளட்ச் எதுன்னு கேட்டீங்களே. மேல பாருங்க. அந்தக் குட்டி புடிச்சிருக்கே, அந்த இறுக்கிப் புடிக்கறதுதான் கிளட்ச்."

சரோஜாதேவி பார்த்தார். "ஆத்தாடி! எப்பிடிப் புடிச்சிக்கிட்டு போவுது!" என்றவர், ஆட்டோக்காரரையும் மறந்து, வண்டியையும் மறந்து, கைதட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜொவிட்டாவுக்குக் குரங்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் அதே தெருக்களையே சுற்றுகிறவருக்கு, அதுவரை கண்ணில் படாத கூட்டம் இப்போது எங்கு பார்த்தாலும் தென்பட்டது. காலையில் வெயில் ஏறும் நேரத்தில் மதிலைத் தாண்டி வரும். ஒரு பழைய பங்களாவின் அத்திமரத்தில் பசியாறும். பிறகு மாடிக்கு மாடி, மரத்துக்கு மரம் என்று ஆற்றங்கரைப் பக்கம் போகும். அங்கே புளியமரத்தில் நடுப்பகல் தூக்கம். பெரியவை ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும், சின்னவை வாலைப் பிடித்து இழுத்து விளையாடும். வெயில் சாய்ந்ததும் வந்த வழியே, அந்தத் தூங்குமூஞ்சிக் கிளைகளின் மேலேறி, மதிலுக்குள் போய்விடும். காட்டுக்குள் எங்கே தூங்குகின்றன என்று மட்டும் தெரியாது. அது மதிலுக்கு அந்தப் பக்கம்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். வேறு என்ன பெயர் வரும் அவருக்கு? குட்டியின் பெயர் கிளட்ச். அதன் தாய், காது கிழிந்தது, செகண்ட். எல்லாவற்றுக்கும் பெரிய ஆண்குரங்கு டாப் கியர். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் இரண்டடி பின்வாங்கும் பயந்தாங்கொள்ளி ஒன்று ரிவர்ஸ்.

சர்தார் பாயிடம் புகார் போயிற்று. "இன்னாம்மா ஜொவிட்டா, கிளாஸ் டைம்ல பாதி நேரம் வண்டி ஓரமாவே நிக்குதாமே?"

"ஓரங்கட்டக் கத்துக் குடுக்கறேன் பாய்."

"தினமும் மரத்தடியிலயா?"

"நெழல்ல நிறுத்தக் கத்துக்கணும்ல?"

பாய் சிரித்துவிட்டார். உண்மையும் அதுதான். அந்த வருஷம் அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் எந்தச் சந்தில் விட்டாலும் வண்டியை அழகாக ஓரங்கட்டுவார்கள். ஒரு மாதத்தில் முடித்திருக்க வேண்டிய சரோஜாதேவியோ, "எனக்கு இன்னும் ரிவர்ஸ் வரல டீச்சர்" என்று வகுப்பை நீட்டிக்கொண்டே போனார். ரிவர்ஸ் கியர் அவருக்கு நன்றாகவே வரும். அவர் பார்க்க வந்தது இன்னொரு ரிவர்ஸை.

டிசம்பர் தொடக்கத்தில் புயல் வந்தது. விடிய விடியக் காற்று. காலையில் தண்ணீர் வடிந்த பிறகு ஜொவிட்டா வண்டியை எடுத்துக்கொண்டு போனால், சாலையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. முதலில் ஏன் என்று புரியவில்லை. பிறகுதான் பார்த்தார். கோட்டூர்புரத்துப் பக்கத்துத் தூங்குமூஞ்சி வேரோடு சாய்ந்து கிடந்தது. போகிறபோது கேபிள்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆட்கள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்கு ஒதுங்கிய குரங்குக் கூட்டம் புயல் இரவில் இந்தப் பக்கம் தங்கிவிட்டிருந்தது. காடு அந்தப் பக்கம். நடுவில் சாலை, மேலே வெறும் வானம்.

அன்று மாலை கூட்டம் வழக்கம்போல் ஆற்றங்கரையிலிருந்து வந்தது. ஒரு வேப்பமரத்தின் நுனிவரைக்கும் வந்து நின்றது. டாப் கியர் முன்னால் வந்து, புதிதாக இழுத்துக் கட்டியிருந்த கேபிளில் கை வைத்தது. மெல்லிய கம்பி, தொய்வாகக் கட்டியது. ஊஞ்சல்போல் ஆடியதும் திரும்பி ஓடிவந்துவிட்டது. எல்லாம் உட்கார்ந்து எதிர்ப்பக்க மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. இருட்டுகிற நேரத்தில் மாடி மாடியாகக் கலைந்து போயின. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. சரோஜாதேவி ஓட்டிக்கொண்டிருந்தார். மிதமான வேகம். திடீரென்று வேப்பமரத்தடியிலிருந்து செகண்ட் தரையில் இறங்கி, கிளட்சை வயிற்றோடு கவ்விக்கொண்டு, சாலைக்குள் பாய்ந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஜொவிட்டா அதை மிதிக்கக் காலைத் தூக்குவதற்குள் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மிதித்தது சரோஜாதேவி. பம்பருக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் குரங்கு நின்று, இரண்டு பெண்களையும் பார்த்தது. எதிர்ப்பக்கம் ஒரு வேன் வரவே, திரும்பி ஓடி வேப்பமரத்தில் ஏறிவிட்டது.

சரோஜாதேவி வண்டியை மெல்ல ஓரங்கட்டினார்.

"புள்ளைய வயித்துல வச்சிக்கிட்டு வந்துச்சு டீச்சர்," என்றார் சரோஜாதேவி. அழுதுகொண்டிருந்தார். "வீட்டுக்குப் போணும்னுதான அது வந்துச்சு?"

"நான் பிரேக்கே போடலக்கா," என்றார் ஜொவிட்டா. "நீங்கதான் போட்டீங்க. உங்களுக்கு வண்டி வந்துடுச்சு." எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "இதுங்களுக்கு ஒரு வழி பண்ணாம விடக்கூடாது."

வேப்பமரம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வளாகத்தில் நின்றது. அந்தக் கட்டடத்துக்காரர்கள் குரங்குகள்மேல் கொதித்துப்போயிருந்தார்கள். தண்ணீர்த்தொட்டி மூடி திறந்து கிடக்கிறது, காயப்போட்ட துணி தெருவில் கிடக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் விசாலாக்ஷி, மைலாப்பூரிலிருந்து வந்து குடியேறியவர், பேசப் போன ஜொவிட்டாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நேத்திக்கு எங்காத்து பால்கனில உக்காந்துண்டு, கொட்டி வெச்சிருந்த வடாம் முழுக்கத் தின்னுட்டுப் போயிடுத்து. கூண்டு வெச்சுப் பிடிச்சுண்டு போறவாளை வரச் சொல்லியிருக்கேன்."

"மாமி, அதுங்க இங்க குடி வரல. வீட்டுக்குப் போக வழி இல்லாம மாட்டிக்கிட்டு நிக்குதுங்க."

"நீ டிரைவிங் சொல்லித்தரவ. நோக்கு எப்படித் தெரியும்?"

"நாலு மாசமா பார்க்கறேன் மாமி. சாயங்காலம் ஒருதரம் உங்க மாடிக்கு வந்து நில்லுங்க. எந்தப் பக்கம் பார்த்து உக்காருதுன்னு நீங்களே பாருங்க."

விசாலாக்ஷி அன்று மாலை கையில் ஒரு கம்போடு மாடிக்கு வந்தார். கூட்டம் வந்தது. வேப்பமர நுனியில், கைப்பிடிச் சுவரில், வரிசையாக உட்கார்ந்து, எல்லாம் காட்டுப் பக்கமே பார்த்தன. ஒன்றுகூடத் திரும்பி அவருடைய கம்பைப் பார்க்கவில்லை. கம்பைக் கீழே வைத்துவிட்டு, "பஸ்ஸுக்குக் காத்துண்டிருக்கறாப்ல இருக்கே" என்றார் மெதுவாக. கூண்டுக்காரர்களை வர வேண்டாம் என்று அப்போதே போன் செய்துவிட்டார்.

வனத்துறைக்குப் போன் செய்து செய்து, கடைசியில் வந்தவர் வஜீஹா. நகரத்துக் குரங்குகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த உயிரியல் படித்த பெண். ஜொவிட்டா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கயிற்றுப் பாலம் கட்டலாம். வேற ஊர்கள்ல கட்டியிருக்கோம். ஆனா எங்க கட்டணும்னு தப்பா முடிவு பண்ணினா ஒண்ணுகூட ஏறாது. அதுங்க போற வழியை நான் ஒரு முழு நாள் பார்க்கணும்."

"அவ்ளோதானே? வண்டியில ஏறுங்க மேடம்."

அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இப்போதும் இரண்டு பெண்களுக்கும் மூச்சு வாங்குகிறது. சரோஜாதேவி ஓட்ட, பக்கத்தில் ஜொவிட்டா, பின் சீட்டில் பைனாக்குலரோடு வஜீஹா. வண்டிக்கு மேலே எல் போர்டு. காலையில் ஆற்றங்கரைப் புளியமரத்தில் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள்.

"வலப்பக்கம் திரும்புதுங்க! ரைட் இண்டிகேட்டர், ரைட் இண்டிகேட்டர்!"

"ஒன்வே டீச்சர்!"

"அப்போ அடுத்த தெரு! மாடி வழியா வந்து மஞ்ச வீட்டுக்கிட்ட இறங்கும், நான் சொல்றேன் பாருங்க!"

மஞ்சள் வீட்டு முனைக்குப் போய் ஓரங்கட்டவும், முதல் குரங்கு கைப்பிடிச் சுவரில் தலை காட்டவும் சரியாக இருந்தது. "அந்தா வந்துட்டு!" என்று சரோஜாதேவி ஸ்டியரிங்கில் தட்டியதில் ஹாரன் அடித்துவிட, மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் ஜொவிட்டா நினைத்துக்கொண்டிருந்த எல்லாமே சரியில்லை. "டாப் கியர்தான் லீடர்" என்று அவர் சொன்னபோது வஜீஹா இல்லை என்று தலையசைத்தார். "ஆண் குரங்குங்க வேற கூட்டத்துலேர்ந்து வரும், சில வருஷம் இருக்கும், போயிடும். பொண்ணுங்கதான் பொறந்த கூட்டத்துலயே கடைசிவரைக்கும் இருக்கும். அதனால வழி அதுங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். டாப் கியர் முன்னாடி போகுது, சரி. ஆனா ஒவ்வொரு முனையிலயும் நின்னு யாரைத் திரும்பிப் பார்க்குதுன்னு கவனிங்க."

கவனித்தார்கள். அது பார்த்தது காது கிழிந்த செகண்டை.

"இந்த ரிவர்ஸ் என்னைப் பார்த்தா எப்பவும் சிரிக்கும் மேடம்," என்றார் ஜொவிட்டா ஆசையாக.

"அது சிரிப்பு இல்லைங்க. பயந்தா அப்படித்தான் பல்லைக் காட்டும்."

ஜொவிட்டாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு அவரே சிரித்தார். "நாலு மாசமா அதைப் பயமுறுத்திக்கிட்டு, பதிலுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு வேற இருந்திருக்கேன்!" அன்றிலிருந்து வண்டியை இன்னும் தள்ளியே நிறுத்தினார்.

மாலையில் கூட்டம் வேப்பமரத்துக்கு வந்து, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது. வஜீஹா பைனாக்குலரை எடுத்து இரண்டு பக்கத்து மரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "இங்கதான். வேற எங்கயும் இல்ல" என்றார்.

அனுமதி வாங்குகிற வேலையை வஜீஹா எடுத்துக்கொண்டார். தீயணைப்பு வண்டிகளில் கழித்துக்கட்டிய பழைய துணிக் குழாய்ப் பட்டைகள் கிடைத்தன. அவற்றை நூலேணிபோல் பின்ன வேண்டும். சரோஜாதேவி தன் கடையில் துணிப்பொதி கட்டும் ஆட்களை அழைத்துவந்தார். கூடவே கணவர் இசக்கிமுத்துவும் வந்தார், மனைவி தினமும் எங்கே போகிறாள் என்று பார்க்க. அவரே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டார். மரத்தில் மாட்டுவதற்கான இரும்பு வளையங்களைக் காஸ்பர் தன் பட்டறையில் செய்தார், உள்ளே ரப்பர் வைத்து.

"இன்னாத்துக்கு ரப்பர்?" என்று ஜொவிட்டா கேட்டார்.

"மரம் பருக்கும்ல? இரும்பை இறுக்கி மாட்டுனா மரம் செத்துப்பூடும். அப்பால உன் குரங்கு எங்க போவும்?"

தெருவிளக்கு மாற்ற வரும் ஏணி வண்டியில் ஆட்கள் ஏறி, விசாலாக்ஷி வீட்டு வேப்பமரத்துக்கும் எதிர்ப்பக்கத்துத் தூங்குமூஞ்சிக்கும் நடுவே பாலத்தைக் கட்டினார்கள். பஸ்ஸுக்கு மேலே நல்ல உயரத்தில் நின்றது. தெருவே கைதட்டியது.

ஒரு குரங்கும் ஏறவில்லை.

முதல் நாள் ஏறவில்லை. அந்த வாரம் முழுக்க ஏறவில்லை. காக்கை உட்கார்ந்தது. "அணில் போச்சு! அணில் போச்சு!" என்று விசாலாக்ஷி போன் செய்தார். வாழைப்பழம் கட்டிவைக்கலாமா என்று சரோஜாதேவி கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம்" என்றார் வஜீஹா. "பழத்துக்கு வந்தா பழம் தின்னுட்டுத் திரும்பிடும். வழின்னு தானா புரிஞ்சுக்கணும். காத்திருங்க." ஜொவிட்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலை வகுப்பெல்லாம் அந்தச் சாலையிலேயே நடந்தது. பாலம் காலியாகவே தொங்கியது.

பொங்கலுக்குப் பிறகு சரோஜாதேவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். காலையில் சீக்கிரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்க வேண்டும். பட்டுச்சேலை கட்டி, திருநீறு பூசி வந்தார். அவரே ஓட்டினார். போகிற வழியில் வேப்பமரத்தைக் கடந்தார்கள். கூட்டம் மாலையில்தான் அங்கே வரும்; இருந்தாலும் ஜொவிட்டா பழக்கதோஷத்தில் மேலே பார்த்தார்.

பாலத்தின் முனையில் ரிவர்ஸ் உட்கார்ந்திருந்தது.

"அக்கா," என்றார் ஜொவிட்டா. விரலால் மேலே காட்டினார்.

சரோஜாதேவி இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடி பார்த்தார், ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக் இழுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே பார்த்தார். "ஏ, ஆத்தா!"

"டெஸ்ட்டுக்கு நேரம் ஆயிடும்க்கா. போயிடலாம்."

"டெஸ்டு கெடக்கு! எறங்குங்க டீச்சர்!"

ரிவர்ஸ் ஒரு காலை வைத்தது. பட்டை ஆடவில்லை. இன்னொரு காலை வைத்தது. நடுவரைக்கும் வந்துவிட்டது. கீழே ஒரு தண்ணீர் லாரி சத்தமாகப் போனது. அவ்வளவுதான், ரிவர்ஸ் அப்படியே பின்பக்கமாக ஓடி மரத்துக்குள் மறைந்தது. இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அப்போது இலைகளை விலக்கிக்கொண்டு செகண்ட் வந்தது. முதுகில் கிளட்ச். குட்டி வளர்ந்துவிட்டிருந்தது, இப்போது வயிற்றில் தொங்காமல் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. செகண்ட் முகர்ந்து பார்த்தது. பட்டையைக் கடித்துப் பார்த்தது. பிறகு, அதில் ஒன்றுமே இல்லை என்பதுபோல், விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் ஜொவிட்டா கத்தினார். "ஐயோ, நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க! அது வருது! அது வருது!" நடுச்சாலையில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து, பஸ்ஸை நிறுத்திவிட்டார். டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர், அவர் காட்டிய திசையில் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். மாடியில் விசாலாக்ஷி நைட்டியோடு நின்று, "போ, போ, நன்னாப் போ!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

செகண்ட் அந்தப் பக்கத்து மரத்தைத் தொட்டது. திரும்பி நின்று ஒரு குரல் கொடுத்தது. வேப்பமரம் முழுக்கக் குலுங்கியது. ஒன்று, இன்னொன்று, தாயும் குட்டியுமாக, குட்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, பாலம் நிறையக் குரங்குகள். ரிவர்ஸும் இரண்டு பெரியவற்றுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் மிச்சம் டாப் கியர். அது கிளையில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டியது, பல்லைக் காட்டியது, கிளையை உலுக்கியது. பிறகு வேறு வழியில்லாமல், ஒவ்வொரு அடியாக வைத்து, கீழே பார்க்காமல் கடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அதற்குத்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

ஜொவிட்டாவும் சரோஜாதேவியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் குதித்தார்கள். தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தில் பட்டுச்சேலை முழுக்கச் சேறு.

டெஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை போய்விட்டிருந்தது. காரணம் கேட்ட அதிகாரியிடம் சரோஜாதேவி ஒளிக்காமல் சொன்னார். அவர் நம்பினாரோ இல்லையோ, வேறு தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் சரோஜாதேவி ஒரு தவறும் இல்லாமல் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். மறுநாள் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தி.நகர்வரை தானே ஓட்டிப்போனார். இசக்கிமுத்து தேனாம்பேட்டை சிக்னல் தாண்டுகிறவரை கண்ணைத் திறக்கவில்லையாம்.

பிப்ரவரியில் வஜீஹா காட்டுக்குள் குரங்குகளைக் கணக்கெடுக்கப் போனார். உதவிக்கு ஆள் வேண்டும் என்று ஜொவிட்டாவுக்கும் சரோஜாதேவிக்கும் அனுமதி வாங்கியிருந்தார். முதன்முறையாக அவர்கள் அந்த மதிலைத் தாண்டினார்கள். உள்ளே நகரத்துச் சத்தம் சட்டென்று குறைந்தது. புள்ளிமான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தன. வெயில் சாய்கிற நேரத்தில் வஜீஹா ஒரு பெரிய ஆலமரத்துக்கு எதிரே அவர்களை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தார்.

கூட்டம் வந்து ஏறியது. உச்சிக் கிளைகளில் இடம் பிடிக்கச் சின்னச் சண்டை ஒன்று நடந்து அடங்கியது. பிறகு இரண்டும் மூன்றுமாக நெருங்கி, ஒன்றின் மார்பில் இன்னொன்று முகம் புதைத்து, வால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தன. காது கிழிந்த தாயின் மடியில் அதன் குட்டி புகுந்துகொண்டது. யாருக்கும் அங்கே வழி பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சரோஜாதேவி காதோடு கேட்டார்: "டீச்சர், எண்ணிட்டீங்களா?"

"மறந்தே போயிட்டேன்க்கா," என்றார் ஜொவிட்டா. "முதல்லேர்ந்து எண்ணணும்."

இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்கள்.